அன்றாடத்தைப் படம் பிடித்தவர்கள்

பத்தாம் வகுப்பு மாணவி, சுத்துக்கேணி

முன்னுரை

உங்கள் வீட்டிலுள்ள புகைப்பட ஆல்பங்களை ஒருமுறை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். திருமணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, முதல் நற்கருணை, புதுமனை புகுவிழா, பள்ளியில் எடுத்த வகுப்புப் படம் ஆகியவை நிச்சயம் இருக்கும். அவற்றில் எல்லோரும் நல்ல உடை உடுத்தி, அசையாமல், ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆனால் நாம் நாள்தோறும் ஏறிச் செல்லும் பேருந்தின் படம் இருக்கிறதா? தண்ணீர் எடுத்த கிணற்றின் படம் இருக்கிறதா? தாத்தா வயலுக்குச் சென்ற மாட்டு வண்டியின் படம் இருக்கிறதா? பெரும்பாலும் இராது. "அதைப் போய் யாராவது படம் எடுப்பார்களா?" என்று நீங்கள் கேட்கலாம்.

எடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் பெரும்பாலும் புகைப்படத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். வேறு வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில், ஆசைக்காகப் படம் எடுத்தவர்கள். இவர்களை 'அமெச்சூர்' என்கிறோம். திறமை குறைந்தவர் என்ற பொருளில் இச்சொல்லைச் சிலர் வழங்குவதுண்டு. அது சரியன்று. இது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். அம்மொழியில் இதற்கு 'நேசிப்பவர்' என்பது பொருள். பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரி மண்ணில் வாழும் நாம் இப்பொருளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாள்தோறும் கண்முன் நிற்பது என்றைக்கும் நிற்கும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அதுதான் முதலில் மறைகிறது. மறைவதும் நமக்குத் தெரிவதில்லை. இதை உணர்ந்தோ உணராமலோ அன்றாடத்தைப் படம் பிடித்து வைத்தவர்களைப் பற்றியும், நாம் அவர்களிடம் கற்க வேண்டியதைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

ஓடும் வண்டி விழாத படம்

புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. அதற்கு முந்தைய ஆண்டில் பிரான்சு நாட்டின் லூயி தாகேர் என்பவர் பாரிஸ் நகரின் ஓர் அகன்ற சாலையைத் தம் வீட்டுச் சன்னலிலிருந்து படம் எடுத்தார். அச்சாலையில் குதிரை வண்டிகளும் மக்களும் ஓயாது சென்றுகொண்டிருந்த நேரம் அது. ஆயினும் படத்தில் சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது! காரணம் என்ன? அக்காலத் தகட்டில் படம் பதியப் பல நிமிடங்கள் பிடித்தன. நகர்ந்துகொண்டிருந்த எதுவும் பதியவில்லை. சாலையோரம் காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள நின்ற ஒரு மனிதர் மட்டும் அசையாமல் இருந்ததால் பதிந்துவிட்டார். புகைப்படத்தில் இடம்பெற்ற முதல் மனிதர்களுள் ஒருவர் அவர் என்கிறார்கள். அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

நம் நாட்டில் பம்பாயில் 1854-லும், அதை அடுத்த சில ஆண்டுகளுக்குள் கல்கத்தாவிலும் சென்னையிலும் புகைப்படச் சங்கங்கள் தோன்றின. சென்னைச் சங்கம் தோன்ற முன்னின்றவர்களுள் ஒருவர் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர். இவர் மருத்துவர், சென்னையில் 1850-இல் ஓவியப் பள்ளியைத் தொடங்கியவர்.

அக்காலத்தில் தமிழ்நாட்டைப் படம் எடுத்தவர்களுள் லினேயஸ் டிரைப் என்பவர் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். இவர் படையில் கேப்டனாக இருந்தவர். ஆசைக்காகப் புகைப்படம் கற்றுக்கொண்டு, பின்னர் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1858-இல் ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களில் அவர் எடுத்த படங்கள் இன்றும் உள்ளன. ரயில் வசதி இல்லாத வழிகளில் பெரிய கேமராவையும் மருந்துப் புட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, நம் ஊர் வெயிலில் அவர் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை ஒரே வரிசையாகக் காட்டுவதற்காக, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார்.

ஆனால் அவருடைய படங்களிலும் தெருக்கள் பெரும்பாலும் ஆளின்றி இருக்கின்றன. கல் நின்றது, பதிந்தது. கோபுரம் நின்றது, பதிந்தது. நடந்தவர்களும் வண்டிகளும் பதியவில்லை. பின்னர் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவிலியன் இந்தப் புகைப்பட வேலை ஆடம்பரச் செலவு என்று கருதி நிறுத்திவிட்டார். இன்று அந்த 'ஆடம்பரம்' இல்லாவிட்டால் 160 ஆண்டுகளுக்கு முன் நம் கோயில்களும் அரண்மனைகளும் எப்படி இருந்தன என்பதை எதைக்கொண்டு அறிவோம்?

கையடக்கக் கேமராவும் ஒரு சிறுவனும்

அமெரிக்காவைச் சேர்ந்த ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888-இல் 'கோடக்' என்னும் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதில் ஒரே சுருளில் 100 படங்கள் எடுக்கலாம். எடுத்து முடித்ததும் கேமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பினால், படங்களைக் கழுவிப் புதுச்சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். 1900-இல் 'பிரவுனி' என்ற பெட்டிக் கேமரா ஒரே ஒரு டாலர் விலைக்கு வந்தது. மருந்தும் இருட்டறையும் அறியாத சாதாரண மக்களும் சிறுவர்களும் படம் எடுக்கத் தொடங்கினார்கள். ஓடும் வண்டி படத்தில் விழும் காலமும் வந்தது.

அப்படிப்பட்ட சிறுவர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டின் ழாக் ஆன்ரி லார்த்திக். 1894-இல் பிறந்த இவருக்குச் சுமார் 8 வயதிலேயே தந்தை ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார். மோட்டார் கார்கள் அப்போதுதான் சாலைக்கு வந்திருந்தன. விமானங்கள் பறக்கலாமா விழலாமா என்று பழகிக்கொண்டிருந்தன. அண்ணன் செய்த சக்கர வண்டி குப்புற விழுவதையும், உறவினர் மாடிப்படியிலிருந்து குதிப்பதையும், பந்தயக் கார் புழுதி பறக்க விரைவதையும் அவர் படம் எடுத்தார். பெரியவரானதும் ஓவியம் தீட்டுவதையே தம் வேலையாகக் கொண்டார். அவருக்கு 69 வயதானபோது, 1963-இல், நியூயார்க் நகரின் நவீனக் கலைக்கூடம் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தது. மோட்டார் யுகம் பிறந்த விதத்தை உலகம் ஒரு சிறுவனின் கண்ணால் பார்த்தது.

இங்கே மாணவியராகிய நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லார்த்திக் படங்களை ஆல்பங்களில் வரிசையாக ஒட்டி வைத்ததோடு நாட்குறிப்பும் எழுதினார். அன்றன்று என்ன படம் எடுத்தோம் என்பதைச் சிறு கோட்டோவியமாகவும் அதில் வரைந்து வைத்தார். அதனால்தான் எந்தப் படம் எந்நாளில் எடுத்தது, அதில் இருப்பவர் யார் என்று இன்றும் சொல்ல முடிகிறது.

உலகம் சுற்றிய தமிழர்

தமிழர்களுள் பயணத்தையும் படத்தையும் சேர்த்து நேசித்தவர் ஏ. கே. செட்டியார். 1911-இல் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தவர். ஜப்பானிலும் பின்னர் அமெரிக்காவிலும் புகைப்படக்கலை பயின்றார். படிப்பு முடிந்ததும் ஸ்டூடியோ வைத்துப் பணம் சம்பாதிக்க அவர் முற்படவில்லை. 1937-இல் கப்பலில் பயணம் செய்துகொண்டிருந்தபோது, மகாத்மா காந்தியின் வாழ்க்கையை உண்மைப் படங்களைக் கொண்டே ஒரு திரைப்படமாக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 26.

காந்தியடிகளின் பழைய நிகழ்ச்சிகளைப் புதிதாக எடுக்க இயலாதல்லவா? ஆகவே உலகின் பல நாடுகளுக்கும் சென்று, பல ஆண்டுகளாகப் பலர் எடுத்து வைத்திருந்த துண்டுப் படங்களைத் தேடித் திரட்டினார். இவ்வாறு ஏறத்தாழ 50,000 அடி நீளமுள்ள பிலிம் சேர்ந்தது. அதிலிருந்து தொகுத்த படம் 1940-இல் தமிழில் வெளிவந்தது. யாரோ ஒருவர் தெருவோரம் நின்று எடுத்து, பெட்டியில் போட்டு வைத்திருந்த சில அடிப் பிலிம், ஒரு மகானின் வரலாற்றுக்கு ஆதாரமாயிற்று. பின்னர் செட்டியார் 'குமரி மலர்' இதழை நடத்தி, தமிழ்நாட்டில் பயணம் செய்தவர்களின் பழைய கட்டுரைகளையும் தேடித் தொகுத்து வெளியிட்டார். 1983-இல் மறைந்தார். எடுப்பது ஒரு தொண்டு என்றால், எடுத்ததைத் தேடிக் காப்பது அதற்குச் சமமான தொண்டு என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

காத்த படமும் காவாத படமும்

காவாவிட்டால் என்ன ஆகும்? இலங்கையில் கொழும்பைச் சேர்ந்த லயனல் வென்ட் (1900–1944) சட்டம் படித்தவர். சிறந்த பியானோக் கலைஞர். ஆசைக்காகக் கேமராவைக் கையில் எடுத்து, மீனவர், உழவர், கிராமத்து வீதி என இலங்கையின் அன்றாட வாழ்வை அழகாகப் படம் எடுத்தார். அவர் இறந்தபின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. அச்சிட்ட படங்கள் மட்டுமே எஞ்சின. அவற்றைக் கொண்டு 1950-இல் ஒரு நூல் வெளிவந்தது.

இன்னொருவர் அமெரிக்காவின் சிகாகோ நகரில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக வேலை செய்த விவியன் மேயர் என்ற பெண்மணி. ஓய்வு நாட்களில் தெருத்தெருவாக நடந்து, பேருந்துக்கு நிற்பவர்களையும், கடைவீதியையும், குழந்தைகளையும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களாக எடுத்தார். யாருக்கும் காட்டவில்லை. வாடகை கட்டாததால் 2007-இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்தன. வாங்கியவர்கள் பிரித்துப் பார்த்த பிறகே உலகுக்குத் தெரிந்தது. அதற்குள் 2009-இல் அந்த அம்மையார் காலமாகிவிட்டார். ஒருவருடைய உழைப்பு அழிந்தது. மற்றொருவருடையது தற்செயலாகத் தப்பியது. தற்செயலை நம்பி நாம் இருக்கலாமா?

நம் புதுச்சேரி

நம் புதுச்சேரியில் ஒரு காலத்தில் 'புஷ்புஷ்' என்ற வண்டி ஓடியது. சக்கரம் வைத்த சாய்வு நாற்காலி போன்றது. பின்னாலிருந்து ஒருவர் தள்ளுவார். முன்னால் உட்கார்ந்திருப்பவர் கைப்பிடியைத் திருப்பி வழி நடத்துவார். பழைய அஞ்சலட்டைப் படங்களில் இவ்வண்டி காணப்படுகிறது. புதுச்சேரி அருங்காட்சியகத்திலும் வைத்திருக்கிறார்கள். படமும் பொருளும் இல்லாவிட்டால் அப்படி ஒரு வண்டி இருந்தது என்று சொன்னால் நாம் நம்பியிருக்க மாட்டோம்.

விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு ரயில் வந்தது 1879-இல். அதில் சென்ற நீராவி எஞ்சினும் மீட்டர் பாதையும் இன்று இல்லை. வில்லியனூர் லூர்து அன்னை திருத்தலத்தின் தேர்பவனியையும் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தையும் படம் எடுப்பவர்கள் பலர். ஆனால் திருவிழாவுக்கு வந்த மக்கள் எந்த வண்டியில் வந்தார்கள், கட்டுச்சோற்றை எந்த மரத்தடியில் அவிழ்த்தார்கள் என்பதைப் படம் எடுத்தவர்கள் சிலரே.

1954 அக்டோபர் 18-ஆம் நாள் வில்லியனூரை அடுத்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு ஆதரவு தந்தார்கள். இது நமது பாடப்புத்தகத்தில் வரும் செய்தி. அந்த 178 பேரும் அன்று காலை கீழூருக்கு எதில் வந்தார்கள்? காரிலா, சைக்கிளிலா, மாட்டு வண்டியிலா, நடந்தா? சாலையோரம் நின்றவர்கள் என்ன உடுத்தியிருந்தார்கள்? எண்ணிக்கையை எழுத்து சொல்லும். இவற்றைச் சொல்ல ஒரு படம்தான் வேண்டும்.

புதுச்சேரியில் 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களின் புகைப்படங்களைப் பெருந்தொகையாகச் சேர்த்துக் காத்து வருகிறது. அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் புகைப்படங்களையும் தேடிப் பதிவு செய்யும் பணி அங்கு நடந்தது. அறிஞர்களே நம் தாத்தா பாட்டியின் ஸ்டூடியோப் படங்களைத் தேடி வருகிறார்கள் என்றால், அவை வெறும் வீட்டுப் பொருள்கள் அல்ல என்பது விளங்கும்.

எங்கள் ஊரும் என் பெரியப்பாவும்

எங்கள் ஊர் சுத்துக்கேணியின் பெயர் பிரெஞ்சு நூல் ஒன்றின் தலைப்பிலேயே இருக்கிறது. ழான் மரி கசால் என்ற அறிஞர் அரிக்கமேட்டிலும், முத்திரைப்பாளையத்திலும், எங்கள் ஊரிலும் நிலத்தை அகழ்ந்து ஆராய்ந்தார். எங்கள் ஊரில் அவர் கண்டவை பழங்கால மக்கள் இறந்தோரைப் புதைத்த ஈமச் சின்னங்கள். ஆய்வு நூல் 1956-இல் வெளிவந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே வாழ்ந்தவர்களின் பானைகளை அறிஞர் பதிவு செய்துவிட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் இங்கே வாழ்ந்தவர்களை யார் பதிவு செய்தார்கள்?

எங்கள் குடும்பத்தில் என் பெரியப்பா செய்தார். அவர் விவசாயி. வாலிபராக இருந்தபோது 'ஆக்ஃபா கிளிக் 3' என்ற கேமராவை இரண்டாங் கையாக வாங்கினார். ஒரு பிலிம் சுருளில் 12 படங்கள்தாம் எடுக்கலாம். கழுவி அச்சிடுவதற்கும் காசு வேண்டும். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் யோசித்து யோசித்தே விசையை அழுத்துவாராம். வீட்டில் எல்லோரும் திருமணத்தை எடு, குழந்தையை எடு என்பார்கள். அவரோ சைக்கிளில் போய்ச் சாலையை எடுப்பார். லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் வண்டிகளின் வரிசை, சங்கராபரணி ஆற்று மணலில் இறங்கும் மாடுகள், ஊசுட்டேரிக்குத் தண்ணீர் கொண்டுசெல்லும் வாய்க்காலில் துணி துவைப்பவர்கள், பேருந்தின் ஏணியில் ஏறிக் கூடைகளைக் கட்டுபவர் என்று அவர் எடுத்த படங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. "காசைக் கரியாக்குறான்" என்று தாத்தா திட்டுவாராம்.

சர்க்கரை ஆலை நின்றுபோய்ச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. கரும்பு வண்டி வரிசையை என் தம்பி பார்த்ததே இல்லை. பெரியப்பாவின் படத்தில்தான் பார்த்தான்.

2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பல வீடுகளில் வெள்ளம் புகுந்தது. பெரியப்பா வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியிலும் தண்ணீர் ஏறிவிட்டது. திறந்தபோது படங்கள் ஒன்றோடொன்று அப்பமாக ஒட்டியிருந்தன. பெரியம்மா அவற்றைப் பிய்த்து வெயிலில் போடப் போனார்கள். பெரியப்பா தடுத்து, ஓர் அகன்ற பாத்திரத்தில் நல்ல தண்ணீரை ஊற்றி அதில் படங்களைப் போட்டார். "தண்ணியில கெட்டத மறுபடியும் தண்ணியிலயா போடுவாங்க?" என்று பெரியம்மா கேட்டார்கள்.

ஆனால் அதுவே சரியான முறை. காரணம் இதுதான். புகைப்படத் தாளின் மேல் ஜெலட்டின் என்ற பசைப் படலம் உள்ளது. கறுப்பு வெள்ளைப் படமானால் அதற்குள்தான் வெள்ளித் துகள்களால் உருவம் அமைந்திருக்கிறது. ஜெலட்டின் நனைந்தால் ஊறி மிருதுவாகும். ஈரம் குறைந்து ஒட்டிய நிலையில் பிய்த்தால் உருவம் அடுத்த படத்தோடு போய்விடும். நல்ல தண்ணீரில் ஊறவிட்டால் தானாகப் பிரியும். சேறும் கழுவப்படும். பிரிந்த படங்களை உருவத்தின் மேல் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து எடுத்து, முகம் மேலாக நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் சுருண்டு வெடிக்கும். இதையெல்லாம் இரண்டு நாட்களுக்குள் செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

இவ்வாறு ஏறத்தாழப் பாதிப் படங்கள் பிழைத்தன. மற்றவை வெறும் கறையாகிப் போயின.

ஆயாவின் நினைவு

பிழைத்த படங்களைப் பரப்பி வைத்தபோது வேறொரு குறை தெரிந்தது. எதன் பின்புறத்திலும் ஒரு வரி கூட எழுதப்படவில்லை. பெரியப்பாவுக்கே பல மறந்துவிட்டன. ஆகவே என் ஆயாவை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினோம். கரும்பு வண்டிப் படம் ஒன்றில் வண்டியோட்டியின் முகம் தலைப்பாகை நிழலில் மறைந்திருந்தது. ஆயா மனிதரைப் பார்க்கவே இல்லை. மாட்டைப் பார்த்தார்கள். "இது மயிலக்காள. கொம்பு ஒண்ணு உள்ள வளஞ்சிருக்கும். அப்போ ஓட்டுறது என் தம்பிதான்" என்றார்கள். பிறகு வெகுநேரம் அந்தப் படத்தைக் கையிலேயே வைத்திருந்தார்கள். அந்தத் தம்பி இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவருக்கு வேறு படமே கிடையாது.

பெரியப்பா அன்று வண்டி வரிசையைத்தான் எடுத்தார். அது ஒரு தமக்கைக்குத் தம்பியின் ஒரே படமாயிற்று. அன்றாடத்தை எடுப்பதன் பயன் எடுக்கும்போது தெரியாது என்பதை நான் அன்று அறிந்தேன்.

ஆயா சொன்னவற்றை நான் மென்மையான பென்சிலால் படங்களின் பின்புறம் எழுதினேன். ஆயாவுக்கும் அடையாளம் தெரியாத படங்கள் சில உள்ளன. அவற்றில் இருப்பவர்கள், தாகேர் எடுத்த பாரிஸ் மனிதரைப் போலப் பெயரில்லாமலே நிற்கிறார்கள். ஊரில் வயதானவர்களிடம் அவற்றை எடுத்துச் சென்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாம் செய்ய வேண்டியவை

இன்று பெரும்பாலான வீடுகளில் கைப்பேசியில் கேமரா இருக்கிறது. 12 படங்களுக்கு யோசித்த காலம் போய், ஒரே நாளில் 100 படங்கள் எடுக்கிறோம். ஆயினும் கைப்பேசி பழுதானால் அத்தனையும் போய்விடுகிறது. ஆகவே தோழியரே, பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்போம்.

1. விழாக்களோடு சாதாரண நாளையும் படம் எடுப்போம். பள்ளிக்கு வரும் வழி, பேருந்து நிறுத்தம், பால்கேன் கட்டிய சைக்கிள், நாற்று நடச் செல்லும் பெண்கள் ஏறிய டிராக்டர், தெருமுனைக் கடை ஆகியவை இன்னும் 30 ஆண்டுகளில் இதேபோல் இரா.

2. கேட்டு எடுப்போம். உழைத்துக்கொண்டிருப்பவர் காட்சிப் பொருள் அல்லர். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்பது மரியாதை. வேண்டாம் என்றால் கேமராவைத் தாழ்த்த வேண்டும். எடுத்தபின் அவருக்கு ஒரு பிரதி கொடுத்தால் அவர் முகம் மலர்வதைக் காணலாம். பிறர் படத்தை, குறிப்பாகத் தோழியர் படத்தை, அவர்கள் சம்மதம் இல்லாமல் யாருக்கும் அனுப்பலாகாது.

3. பாதுகாப்பை மறவோம். ரயில் தண்டவாளத்தில் நின்று படம் எடுப்பது சட்டப்படி குற்றம்; உயிருக்கும் ஆபத்து. ஓடும் பேருந்தின் படியில் நின்றும் எடுக்க வேண்டாம்.

4. நாள், இடம், பெயர் மூன்றையும் எழுதுவோம். அச்சிட்ட படமானால் பின்புறம் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுத வேண்டும். பேனா மை ஊறும். அழுத்தினால் முன்புறம் தடம் தெரியும்.

5. ஆண்டுக்குச் சில படங்களையாவது அச்சிட்டு வைப்போம். மற்றவற்றுக்கு வேறோர் இடத்திலும் பிரதி இருக்கட்டும். அச்சிட்ட படங்களைத் தரையிலும் கட்டிலுக்கு அடியிலும் வைக்காமல், வெள்ளம் எட்டாத உயரத்தில் உலர்ந்த இடத்தில் வைப்போம்.

6. வீட்டிலுள்ள முதியவர்களிடம் பழைய படங்களைக் காட்டிக் கேட்போம். இதைத் தள்ளிப் போடலாகாது. படம் இன்னும் பல காலம் இருக்கும். அதில் இருப்பவர் யார் என்று சொல்லத் தெரிந்தவர் அவ்வளவு காலம் இருப்பாரா?

முடிவுரை

தாகேரின் சாலையில் வண்டிகள் பதியவில்லை என்றால் அது கருவியின் குறை. இன்று நம் கையில் இருக்கும் கருவிக்கு அக்குறை இல்லை. ஓடுவதும் பறப்பதும் கண் இமைப்பதும் அதில் பதியும். பதியாமல் போவது, 'இது என்ன பெரிய காட்சி' என்று நாம் ஒதுக்குவது மட்டுமே.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பேருந்தையும் மாட்டையும் படம் எடுத்தால் நேரத்தை வீணாக்குகிறது என்று கடிந்துகொள்ளாதீர்கள். எடுத்த நாளை எழுதி வைக்கச் சொல்லுங்கள். தோழியரே, வரும் விடுமுறையில் ஒவ்வொருவரும் அவரவர் ஊரின் ஒரு சாதாரண நாளை 12 படங்களில் எடுத்து, நாளும் இடமும் பெயரும் எழுதிக் கொண்டுவருவோம். அவற்றை ஓர் ஆல்பமாக்கி நம் பள்ளி நூலகத்தில் வைக்க அருட்சகோதரியர் அனுமதி தருவார்கள் என்று நம்புகிறேன். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்வோம்.